மருந்தை நாய்க்கு மட்டும் கொடுக்கவும்

1

இந்தக் கதை ஒரு துண்டுப் பிரசுரமாகப் பிறந்து அப்படியே செத்திருக்க வேண்டியது. 2001ஆம் ஆண்டு நான் நாமக்கல்லில் ஒரு நாய், பூனை ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். பேர் கேட்பது, வயது கேட்பது, கடிக்குமா என்று கேட்பது, கடித்த பிறகு பஞ்சு எடுத்துக் கொடுப்பது எல்லாம் என் வேலை. என் கதைகள் இரண்டு பத்திரிகைகளில் வந்திருந்ததை டாக்டர் கலைமணி எப்படியோ தெரிந்துகொண்டார். அவர் கதை படிக்கிறவர் அல்ல. எழுதத் தெரிந்த ஒருவன் மத்தியான நேரத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது மட்டும் அவர் கண்ணை உறுத்தியது.

"அர்த்தனாரி, இந்த ரத்த நோவைப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. நாய் வச்சிருக்கறவங்க படிச்சாப் புரியோணும். கதை உடாதீங்க."

அவர் சொன்ன நோய் இது. உடம்பைக் காக்க வேண்டிய காவல், சொந்த ரத்தத்தையே எதிரி என்று நினைத்து அழிக்கத் தொடங்கிவிடும். நாய் சோர்ந்து படுக்கும், மூத்திரம் டிகாஷன் நிறத்தில் போகும், ஈறு வெளுத்துவிடும். மாத்திரை இருக்கிறது. மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும். குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

எழுதிக் கொடுத்தேன். இருபத்தோரு வரி. பச்சைத் தாளில் அச்சாகியும் வந்தது. இருபத்திரண்டாவதாக ஒரு வரி எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. அதனால் என்ன நடந்தது என்பதைத்தான் இப்போது எழுதப் பார்க்கிறேன்.

2

முதல் முயற்சி:

கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் முதலாவது வளைவில்

(முதல் வளைவிலேயே எனக்குத் தலைசுற்றியது. விட்டுவிட்டேன்.)

இரண்டாவது முயற்சி:

நாய் நன்றியுள்ள

(மன்னிக்கவும். ஐந்தாம் வகுப்புக் கட்டுரை நோட்டிலிருந்து வந்துவிட்டது.)

மூன்றாவது முயற்சி, நடந்ததை நடந்தபடி.

கொல்லிமலை மேலே எடப்புளி நாட்டிலிருந்து பாவாயி வந்தார். ஐம்பது வயதிருக்கும். மிளகும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் போடுகிறவர். மூட்டு வலி, ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை நின்று ஏறினார். தோளில் ஒரு சாக்கு. பஸ்ஸில் கிழங்கு மூட்டை என்று சொல்லி ஏற்றியிருக்கிறார். பாதி மலையில் கண்டக்டர், "ஏனுங்கம்மா, கெழங்கு மொனகுதுங்களே" என்று கேட்டாராம். "வெயிலுக்குங்க" என்றாராம் இவர்.

சாக்குக்குள் இருந்த நாயின் பெயர் வக்கீல். யார் என்ன பேசினாலும் எதிர்த்து இரண்டு வார்த்தை குரைக்காமல் விடாது என்பதால் அந்தப் பெயர். அன்று அது வாதாடும் நிலையில் இல்லை. டாக்டர் அதன் உதட்டைத் தூக்கினார்.

"நல்ல ஈறு செவப்பா இருக்கோணும். வெரல வச்சு அமுத்துனா வெளுக்கும். எடுத்தா, ரெண்டு எண்றதுக்குள்ள செவப்புத் திரும்பிரும். இவனப் பாருங்க. அமுத்தறதுக்கு முன்னாடியே வெள்ளை."

"பொழச்சுக்குவானுங்களா டாக்டரம்மா?"

"மாத்திரைய ஒழுங்காக் குடுத்தீங்கன்னாப் பாக்கலாம்."

"தாய் லாரியில அடிபட்டுப் போனப்ப இவனுக்குக் கண்ணுகூடத் தொறக்கலைங்க. துணித்திரியில ஆட்டுப்பால நனச்சு என்ற மடியில போட்டு வளத்துனேன். நான்தானுங்க தாய் அவனுக்கு."

இந்தப் பேச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

3

இப்போது ஜெய்லானி வருகிறார். இவரை நான் நம்பவில்லை. நீங்களும் கொஞ்ச நேரத்துக்கு நம்பாதீர்கள்.

அடிவாரத்தில் மிளகு குடோன் வைத்திருப்பவர். வாராவாரம் மலைச் சந்தைக்கு ஏறிப்போய் மிளகு வாங்குவார். முந்தின வருடம் அவருடைய குடோன் காவல் நாய் இதே நோயில் செத்தது. பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து, தன் கடை முகவரி அட்டையை என் மேஜை மேல் வைத்தார்.

"இந்த நோவோட இனி யாரு வந்தாலும் எனக்கு ஒரு போன் போடுங்க தம்பி. நான் அவங்ககிட்டப் பேசறேன்."

"என்னங்க பாய் பேசுவீங்க?"

"மாத்திரை குடுத்தீங்களான்னு கேப்பேன். வேறென்ன?"

மிளகு வாங்குகிறவர் மிளகு விளைவிக்கிற அம்மாவுக்குச் சும்மா உதவுகிறார் என்றால் கதை எழுதுகிறவன் புத்தி எங்கே போகும்? ஒரு வரைவில் அவரைத் தந்திரக்காரர் ஆக்கினேன். அவருடைய தராசுத் தட்டின் அடியில் ஒரு காந்தம் ஒட்டினேன். ஒட்டியதை மறைக்க மனம் வராமல் அவரிடமே படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"காந்தம் ஒட்டாது தம்பி. தட்டு பித்தளை."

அவ்வளவுதான் விமரிசனம். காந்தத்தைப் பிய்த்து எடுத்துவிட்டேன். இவ்வளவு விவரம் தெரிந்து வைத்திருக்கிறாரே என்று என் சந்தேகம் கொஞ்சம் கூடியதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் பாவாயி வந்த அன்று நான் போன் போட்ட ஒரு மணி நேரத்தில் அவர் டெம்போவில் வந்து இறங்கினார். கூடவே அவருடைய புது குடோன் நாய். அதன் ரத்தம்தான் வக்கீலுக்கு ஏறியது. பாட்டில் காலியாகும்வரை பாவாயியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"இனி நாம சம்பந்திங்க அம்மிணி."

"ரத்தம் ஒண்ணுன்னா அது எப்படிங்க பாய் சம்பந்தியாகும்? பங்காளிங்க" என்று பாவாயி திருத்தினார். அடுத்த வாரத்திலிருந்து பங்காளி நாய்க்கு ஒரு பை கிழங்கு சந்தைக்கு வந்துகொண்டே இருந்தது.*

* குடோன் நாய் கிழங்கை மோந்துகூடப் பார்க்காது. ஜெய்லானியின் மனைவி ஜீனத் பீவிதான் வேகவைத்து வீட்டில் எல்லோருக்கும் போட்டார். பாவாயியிடம் யாரும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிட வேண்டாம்.

4

காலையில் மூன்று மாத்திரை, சாயங்காலம் மூன்று. பாவாயி மாத்திரைகளை ஒரு டப்பாவில் போட்டு, என் பச்சைத் தாளை நாலாக மடித்து மேலே வைத்துக்கொண்டார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர். தாளில் ஓர் உவமை எழுதியிருந்தேன்: 'வீட்டுக் காவல் நாயே வீட்டுக்காரரைக் கடிப்பது போன்ற நோய் இது.' பாவாயி அதைப் படித்துவிட்டு, "எங்க வக்கீல் அப்படிக் கடிக்கறவன் இல்லீங்க" என்று ஆட்சேபம் சொல்லி அனுப்பினார்.

சந்தை நாளில் வக்கீலும் வரும். ஜெய்லானி மிளகு மூட்டைகளுக்கு நடுவே குந்தி அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எஸ்டிடி பூத்திலிருந்து எனக்குப் போன் செய்வார். முதல் வாரம், "வெளிர் செவப்பு தம்பி." இரண்டாம் வாரம், "அப்படியேதான் இருக்குது." மூன்றாம் வாரம், "மறுபடியும் வெளுக்குது" என்றார்.

டாக்டர் ரிசீவரை வாங்கிக்கொண்டார். "இந்த மாத்திரைக்கு நாய் கொடங்கொடமாத் தண்ணி குடிக்கோணுமே. குடிக்குதுங்களா?"

"அளவாத்தான் குடிக்குதாங்க."

"பசி?"

"ஏதோ கொஞ்சந்தானுங்க."

டாக்டர் போனை வைத்தார். "இன்னும் ஒரு வாரம் பாப்போம். அப்பவும் ஏறலைன்னா என் கையில ஒண்ணுமில்ல" என்றார். நான் பிரசுரத்தை எடுத்து இருபத்தோரு வரியையும் திரும்பத் திரும்பப் படித்தேன். பிழையே இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் நன்றாகவே எழுதியிருந்தேன்.

5

இந்தப் பகுதியில் நான் இல்லை. ஜெய்லானி சொன்னதை எழுதுகிறேன். எல்லாவற்றையும் நேரில் பார்த்தது போல எழுதும் வித்தை எனக்கும் தெரியும். இன்றைக்கு வேண்டாம்.

நாலாம் வாரச் சந்தை. டீக்கடைப் பெஞ்சில் ஜெய்லானியும் பாவாயியும். காலடியில் வக்கீல் நாக்கைக்கூட வெளியே போடாமல் சுருண்டு கிடக்கிறது. பாவாயி ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். இன்னொரு சொம்பு. நாலு போண்டா தின்றுவிட்டு ஐந்தாவதைப் பார்த்தார். மூன்றாவது சொம்பு. பிறகு, "இதோ வாரேனுங்க" என்று மறைவுக்கு எழுந்து போனார். நிற்காமல், முட்டியைப் பிடிக்காமல் மேட்டில் விறுவிறுவென்று ஏறிப் போனார்.

திரும்பி வந்தபோது ஜெய்லானி அவர் முகத்தை நன்றாகப் பார்த்தார். கன்னம் இரண்டும் உப்பி, முகம் வட்டமாகியிருந்தது.

"அம்மிணி, தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க பழைய நாய் இந்த மாத்திரை சாப்பிட்டப்ப இப்படித்தான் தண்ணி குடிச்சுது."

பாவாயி முந்தானையால் வாயைத் துடைத்தார். அவர் முகத்தில் ஒளிக்கிற பாவனையே இல்லை என்று ஜெய்லானி சொன்னார்.

"காலையிலது அவனுக்கு, சாயங்காலத்துது எனக்குங்க. பால் குடிக்கிற புள்ளைக்கு நோவுன்னா தாய்க்குத்தானுங்களே மருந்து குடுப்பாங்க. என்ற மகன் கைக்கொழந்தையா இருக்கறப்ப நான்தான் மருந்தத் தின்னேன், நான்தான் பத்தியம் இருந்தேன். இவனுக்கு மட்டும் உட்டுருவனுங்களா?"

"தாகம் எடுத்தப்பவாவது எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே?"

பாவாயி டப்பாவைத் திறந்து பச்சைத் தாளை எடுத்து, பதினான்காவது வரியில் விரலை வைத்தார். 'மாத்திரை வேலை செய்யும்போது நாய்க்குத் தாகமும் பசியும் அதிகமாகும். பயப்பட வேண்டாம்.'

"எனக்குத் தாகமெடுத்துச்சு. சரி, மருந்து என்ற வழியா அவனுக்குப் போய்ச் சேருதுன்னு நெனச்சேன். பயப்பட வேண்டாம்னு அந்தத் தம்பிதானுங்களே எழுதியிருக்குது."

இந்த இடத்தில் நான் தலையில் கை வைத்தேன். நாயைத் தூக்கும் முறை எழுதினேன். மாத்திரையை வெல்லத்தில் பொதிந்து கொடுக்கும் முறை எழுதினேன். மருந்தை நாய்க்கு மட்டும் கொடுக்கவும் என்று எந்த மடையன் எழுதுவான்? எழுதியிருக்க வேண்டிய மடையன் நான்தான்.

ஜெய்லானி பாவாயியைத் திட்டவில்லை. அவர் சொன்னது இது.

"எங்க நாய் பதினெட்டே நாள்ல எழுந்து ஓடுச்சுங்க அம்மிணி. நல்லா இருக்கறவனுக்கு எதுக்கு மருந்துன்னு நானாவே நிறுத்திட்டேன். டாக்டரம்மாகிட்டக் கேக்கல. நிறுத்தி ஒரு மாசம் ஆகறப்ப ஈறு வெளுத்துச்சு. ரெண்டே நாள். இந்தக் கையிலதான் போச்சு. நீங்க பாசத்துல தப்புப் பண்ணுனீங்க. நான் கெட்டிக்காரன்னு நெனச்சுப் பண்ணுனேன்."

பாவாயி முதல்முறையாக அழுதது அப்போதுதான். வக்கீலின் தலையைத் தன் மடிமேல் இழுத்துக்கொண்டு அழுதாராம். ஜெய்லானி அந்த ஐந்தாவது போண்டாவை வாங்கி அவர் கையில் கொடுத்தாராம்.

6

அன்று சாயங்காலத்திலிருந்து ஆறு மாத்திரையும் வக்கீலுக்குத்தான். பாவாயியும் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று டாக்டர் கலைமணி ஒரு கடிதம் எழுதி, மனிதர்களுக்குப் பார்க்கிற டாக்டரிடம் அனுப்பினார். அவர் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "நாய்க்கு இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று முதலில் கேட்டாராம். பாவாயிக்கு மாத்திரை குறைந்து நின்றதும் மூட்டு வலி திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. அதைக் கேட்டபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

"வலி வரட்டுங்க சாமி. அவனுக்கு ஈறு செவக்கட்டும்" என்றார் பாவாயி.

சிவந்தது. ஐந்து மாதத்தில் ஆறு நாலாகி, நாலு இரண்டாகி, பாதியாகி நின்றது. இனி முடிவுதான் பாக்கி. மூன்று எழுதி வைத்திருந்தேன்.

முடிவு அ: வக்கீல் செத்துப்போகிறது. மழை பெய்கிறது. (இலக்கியத் தரமானது. பாவாயியிடம் படித்துக் காட்டினேன். "அவனக் கொன்னுபோட்டு உங்களுக்கு என்னங்க கெடைக்குது?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.)

முடிவு ஆ: வக்கீல் பூரண குணமடைந்து ஊரையே எதிர்த்துக் குரைக்கிறது. (டாக்டர் கலைமணி படித்தார். "பூரணம்னு நான் யார்கிட்டயும் சொல்றதில்ல. எடுத்துருங்க.")

முடிவு இ: ஜெய்லானியும் பாவாயியும் சேர்ந்து, இப்படி நாய் வைத்திருப்பவர்களுக்காக ஒரு சங்கம்

(ஜெய்லானி இதோடு தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.)

7

ஆகவே என்னிடம் முடிவு இல்லை. ஒரு காலை நேரம் மட்டும் இருக்கிறது.

மாத்திரை நிறுத்தி இன்றோடு ஒரு மாதம். வக்கீல் ஆஸ்பத்திரி மேஜை மேல் நிற்கிறது. டாக்டர் உள்ளே ஒரு பூனையோடு இருக்கிறார். நேற்று வக்கீல் சோறு தின்னவில்லை என்று பாவாயி சொல்கிறார். மீன் தலை திருடித் தின்றிருக்கும் என்கிறேன் நான். யாரும் சிரிக்கவில்லை. வக்கீல்கூட எதிர்த்துப் பேசவில்லை.

ஜெய்லானி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருக்கிறார். ஆறேழு மாதமாக வாராவாரம் உதட்டைத் தூக்கிப் பார்த்த மனிதர், இன்றைக்கு முடியவில்லை என்கிறார். ஒரு மாதம் என்பது அவருக்கு என்ன கணக்கு என்று உங்களுக்கே தெரியும். இனி அவரை நீங்கள் நம்பலாம்.

பாவாயி என்னைப் பார்க்கிறார். "பாத்துச் சொல்லுங்க சாமி."

என்னுடையது எழுதுகிற கை, இதற்கு உதவாது. நீங்கள் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், ஈறு பார்க்கும் விதமும் உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் கிட்டே வாருங்கள். கடிக்காது, கேட்டுவிட்டேன். இடது கையால் உதட்டை மெதுவாகத் தூக்குங்கள். வெளிச்சம் போதவில்லை, நிறத்தைப் பற்றி இப்போதே எதுவும் சொல்லிவிடாதீர்கள். கட்டை விரலை ஈறில் வைத்து அழுத்துங்கள். எடுங்கள். பாவாயிக்குக் கேட்கும்படி வாய்விட்டு எண்ணுங்கள்.

ஒன்று