மாமா மாற்றி ஒட்டிய கண்

என் அண்ணன் அறிவரசனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. பூலாம்பாடியில் மனை வாங்கி விற்கிறவர். வக்கீலுக்குச் சட்டம் சொல்வார், நர்சுக்கு ஊசி போடச் சொல்லித் தருவார். என் வீட்டுக்காரர் மலேசியாவில் இருப்பதால் நானும் மகள் மணிமொழியும் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறோம். பெரம்பலூர் ஜவுளிக்கடை வேலைக்கு நான் பஸ் ஏறியதும் பிள்ளை அவர் பொறுப்பு. பொறுப்பாம், பெரிய பொறுப்பு!

மணிமொழிக்கு ஆறு வயது. கண்ணாடி போட்டும் இடது கண் மங்கல். நல்லாயிருக்கிற வலது கண்ணின் மேல் பேட்ச் ஒட்டச் சொன்னார் டாக்டர் ஜெயலட்சுமி.

"குறை கண்ணுல இல்லீங்க, மூளையில. நல்ல கண்ணு சொல்றத மட்டும் கேட்டுக்கிட்டு, இந்தக் கண்ண அதட்டி அடக்கி வச்சிருக்கு. நல்லதை மூடுனாத்தான் இதைக் கேக்கும். சின்ன வயசுல மூளை வளைஞ்சு குடுக்கும். போகப் போக அந்த அடக்குற பழக்கம் இறுகிடும், அப்புறம் மாத்துறது கஷ்டம்."

எனக்குச் சட்டென்று புரிந்தது. அண்ணன் பேசும்போது எங்கள் வீட்டில் யார் வாய் திறந்திருக்கிறோம்?

தினமும் ஒட்டிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பினேன். சில மாதம் கழித்து டாக்டரிடம் போனால் பார்வை முன்பைவிட மோசம். "வூட்டுல எந்தக் கண்ணு பாப்பா மூடியிருக்கும்?" என்றார் டாக்டர். பிள்ளை இடது கண்ணைத் தொட்டாள்.

"அம்மா போனதும் மாமா மாத்தி ஒட்டிடுவாரு. அம்மா வர்றதுக்குள்ள கழட்டிடுவாரு."

இன்னும் காலம் இருக்கிறது, இனிமேலாவது ஒழுங்காக ஒட்டுங்கள் என்றார் டாக்டர். வீடு வந்ததும் அண்ணனைக் கேட்டேன்.

"ஆமா, மாத்துனேன். அதுக்கென்ன இப்ப?" சோற்றுத் தட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை மனுஷன். "சுளுக்குன காலுக்குத்தானே கட்டுப் போடுவாங்க, நல்ல காலுக்கா போடுவாங்க? முடியாத கண்ணுக்கு ரெஸ்ட் குடுக்கத் தெரியல, இவள்லாம் ஒரு டாக்டரு!" அண்ணி தலையாட்டினாள். அவளுக்கு வேறென்ன வேலை?

அந்த மாதமே செட்டிகுளத்தில் பிள்ளைக்குக் காதுகுத்து. மண்டபத்தில் மேடைக்கு எதிரே பெரிய ஃபிளெக்ஸ். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் அண்ணன் கும்பிட்டபடி நின்றார். கீழே 'பாசமிகு தாய்மாமன்'. பிள்ளையின் படம் மூலையில் தபால்தலை அளவுக்கு. காது குத்துவது அவளுக்கா, இவருக்கா?

மணிமொழியை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, "போட்டோ எடுக்கணும், வலது கண்ணுல இருக்குற அந்த பேட்சை எடு" என்றார் என்னிடம்.

"எடுக்க மாட்டேன்" என்றேன்.

மணிமொழி இடது கண்ணைச் சுருக்கி ஃபிளெக்ஸையே பார்த்தாள். "மாமா, அங்க யாரு வேட்டி காயுது?"

சொந்தக்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது. அவ்வளவு பெரிய முகம், என் பிள்ளைக்குத் தெரியவில்லை.

"விளையாடுறா" என்றார் அண்ணன். குரல் இறங்கிவிட்டது.

"விளையாடலண்ணே. அது நீங்கதான். நீங்க ரெஸ்ட் குடுத்த கண்ணுக்கு உங்களையே அடையாளம் தெரியல."

ஆசாரி காது குத்தியதும் பிள்ளை வீறிட்டாள். கண்ணீரைத் துடைக்கிற சாக்கில் அண்ணன் கை பேட்ச் பக்கம் போனது. எல்லோரும் பார்க்க, அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டேன்.