ஒன்பதாம் எண் கோல்

மார்ச் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, காலையில் கடை திறந்த சற்று நேரத்தில், துறைமுகச் சாலைத் தூண்டில் கடையின் சுவரில் தொங்கிய ஒன்பதாம் எண் கோல்கள் மூன்றும் இறக்கப்பட்டுப் பின்னறைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைக்கப்பட்டன.

இறக்கியவர் கடைக்காரர். வாடிக்கையாளர்கள் அவரைக் கேப்டன் என்பார்கள். கப்பல் ஓட்டியவர் அல்ல. படகு கரையைவிட்டு நகர்ந்தாலே வாந்தி எடுக்கிறவர் என்பதால் வந்த பட்டம். இறக்கச் சொன்னவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். முந்தின நாள் மாலை போன் செய்திருந்தார். மனைவி கோல் வாங்க வருவாள், ஒன்பது கேட்பாள், இல்லையென்று சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் வேண்டுகோள்.

மனைவி பெண்களுக்கான சலூன் ஒன்றைச் சொந்தமாக நடத்துகிறாள். நாள் முழுக்கக் கையைத் தூக்கியே செய்யும் வேலை. விடுமுறை நாளில் அதே கையால் முகத்துவாரத்தில் கொடுவா மீன் பிடிப்பாள், அதுவும் ஃப்ளை தூண்டிலில். இறகும் நூலும் சேர்த்துக் கட்டிய போலி இரைக்குத்தான் ஃப்ளை என்று பெயர். தானாகப் பறந்துபோய் விழும் அளவுக்கு அதற்கு எடை கிடையாது. அதைத் தூரத்துக்குக் கொண்டுபோவது தூண்டில் கயிற்றின் எடை. அந்த எடையை வைத்துத்தான் கோலுக்கு எண் போடுகிறார்கள். எண் கூடினால் கடல்காற்றை எதிர்க்கலாம், பெரிய மீனைத் திருப்பலாம். கைக்கு வேலையும் கூடும்.

எட்டு மாதத்துக்கு முன் அலைதடுப்புப் பாறையில் வழுக்கி விழுந்தாள். பழைய ஒன்பதாம் எண் கோல் இரண்டாக முறிந்தது. வலது தோளின் தசைநார் கிழிந்தது. அறுவை சிகிச்சை செய்த மருத்துவர், இன்னொரு முறை கிழிந்தால் கத்தரிக்கோல் பிடிப்பதையே மறந்துவிட வேண்டியதுதான் என்று சொல்லியிருந்தார். அதை அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். மெக்கானிக்குக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் சரியாக வரவில்லை.

இருவரும் கடைக்குள் நுழைந்தார்கள்.

"வாம்மா தங்கச்சி, வாங்க மாப்ள," என்றார் கேப்டன், தேவைக்கு மேல் சத்தமாக.

அவள் நேராகச் சுவரைப் பார்த்தாள். "அண்ணே, ஒன்பது எங்கே?"

"தீந்துபோச்சும்மா."

"மூணுமா?"

"மூணும்."

"ரெண்டு வருஷமா அதே மூணு கோல் அதே ஆணியில தொங்குச்சு. என்ன, மீனே வந்து வாங்கிட்டுப் போச்சா?"

கேப்டன் மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் கண்ணாடிப் பெட்டி மேலிருந்த, கயிறு சுற்றும் ரீல் ஒன்றை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மிகக் கவனமாக ஆராய்ந்தார்.

"அவரை ஏன் பாக்குறீங்க? பதில் அவர் நெத்தியிலயா ஒட்டியிருக்கு?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் சாமர்த்தியம் கேப்டனுக்கு இல்லை. "மாப்ள கேட்டா மாட்டேன்னு சொல்ல முடியுமாம்மா?" என்றார்.

"நான் தங்கச்சிங்கறதாலதானே அவர் உங்களுக்கு மாப்ள? முதல்ல யாரு உறவு?"

கேப்டன் பின்னறைக்குப் போய் ஒரு கோலுடன் திரும்பினார்.

கடைக்குப் பின்னால் கார் நிறுத்தும் இடம் இருந்தது. கோல் வாங்குகிறவர்கள் அங்கே வீசிப் பார்ப்பது வழக்கம். முள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டுச் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டிக் கொடுத்தார் கேப்டன். கடல் பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது.

"வேணாம்," என்றார் மெக்கானிக்.

"நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க."

முதல் வீச்சில் கயிறு தலைக்கு மேலே வளைந்து, விரிந்து, காற்றைக் கிழித்துக்கொண்டு நேராகப் போய் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. "அடேயப்பா," என்று கேப்டன் தன்னை மறந்து சொன்னார். மூன்றாவது வீச்சில் பின்னால் போன கை காதருகே நின்றுவிட்டது. முன்னுக்கு வரவில்லை. கயிறு துவண்டு அவள் தலையிலும் தோளிலும் சுருள் சுருளாக விழுந்தது. கம்பளி நூல் யாருடைய காரின் மீதோ போய்க் கிடந்தது.

அவள் அசையாமல் நின்றாள். இடது கை வலது தோளுக்குப் போகப் பார்த்தது, அதை இறக்கிக்கொண்டாள். மெக்கானிக் வந்து கயிற்றை அவள் தலைமுடியிலிருந்து எடுத்துவிடத் தொடங்கினார்.

"எதுவும் பேசாதீங்க," என்றாள்.

"நான் எதுவும் பேசலையே."

"அண்ணன்கிட்ட பேசியிருக்கீங்கல்ல? எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ கேப்பியா?"

"கேட்டிருக்க மாட்டேன். ஆனா நீங்க சொல்லியிருக்கணும். நான் என்ன ரிப்பேர்ல இருக்குற லிஃப்டா, எனக்குத் தெரியாம போர்டு மாட்டி நிறுத்தி வைக்க?"

மெக்கானிக் கயிற்றின் கடைசிச் சுருளையும் எடுத்துவிட்டு, "தப்புதான்," என்றார். கயிற்றை ரீலில் சுற்றிக்கொண்டே, "ராத்திரி நீ அந்தப் பக்கம் புரண்டு படுத்தாக்கூட எனக்கு முழிப்பு வந்துடுது," என்றார்.

கேப்டன் காரிலிருந்து கம்பளி நூலை எடுக்கிற சாக்கில் தள்ளிப் போயிருந்தார்.

அவள் கடைக்குள் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஃப்ளைகள் இருந்த பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். எப்போதும் அவள் எடுப்பது உள்ளங்கை நீளத்துக்கு, மடவை மீன் போலக் கட்டிய ஃப்ளை. நனைந்தால் ஈரத்துணி மாதிரி கனக்கும். அதை வீச ஒன்பது இல்லாமல் முடியாது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்தாள். பெட்டியின் அடுத்த தடுப்பில் இறால் போலக் கட்டிய ஃப்ளைகள் இருந்தன. சுண்டுவிரலில் பாதி நீளம், ஊதினால் பறக்கும்.

"அண்ணே, இப்ப தண்ணி வத்துறப்ப இறால் இறங்குதா?"

"போன வாரத்துலருந்து இறங்குது. கொடுவா எல்லாம் கரையோரமா வாயைத் திறந்துட்டு நிக்குதாம்."

"அப்ப இறால் போதும். அந்த ஏழாம் நம்பரை எடுங்க. கயிறு எட்டு போடுங்க."

"ஏழாம் நம்பர் கோலுக்கு எட்டாம் நம்பர் கயிறா?"

"கயிறு கொஞ்சம் கனமா இருந்தா கோல் தானா வளையும். கையைத் தூக்கி அடிக்க வேண்டாம்."

மறுபடி பின்பக்கம் போனார்கள். இந்த முறை முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். கோல் தலைக்கு மேலே போகாமல் பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில் போய் வந்தது. வலது கை செய்ய வேண்டிய வேலையில் பாதியை இடது கை கயிற்றை இழுத்துவிட்டுச் செய்தது. கயிறு காற்றுக்கு அடியில் புகுந்து தாழ்வாகப் போனது. முன்பு போன தூரத்தில் பாதிதான் போனது. பத்துப் பதினைந்து முறை வீசினாள். முகம் சுளிக்கவில்லை. மெக்கானிக் கயிற்றைப் பார்க்கவே இல்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூரம் பத்தாதேம்மா," என்றார் கேப்டன்.

"கரையோரமா நிக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அக்கரைக்கு வீசி யாருக்கு மாலை போடப் போறேன்?"

"சரி, வீசிடுவே. பெருசு ஒண்ணு வந்து கடிச்சா? ஏழாம் நம்பரை வெச்சுக்கிட்டு அதைத் திருப்ப முடியுமா? வீசுறதைவிட இழுக்கறதுலதான் தோளு போகும்," என்றார் கேப்டன்.

இதுவரை யாரும் கேட்காத கேள்வி இதுதான். அவள் கோலைப் பிரித்து உறையில் போட்டாள்.

"நூலை அறுத்து மீனை விட்டுடுவேன்," என்றாள்.

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். இருட்டும்வரை ஒரே மீனோடு மல்லுக்கட்டிவிட்டு முட்டிவரை சேறோடு வீட்டுக்கு வந்தவள் அவள். "விட்டுடுவியா?" என்றார்.

"விட்டுடுவேன். அதுக்கு நீங்க பக்கத்துல நின்னு 'விடு விடு'ன்னு கத்தக் கூடாது. வலிக்குதா வலிக்குதான்னு கேட்டுக்கிட்டே இருக்கக் கூடாது."

"ஒரு தடவை கேட்டுக்கலாமா?"

"ஒரு தடவை."

"சரிங்க மேடம்," என்றார் மெக்கானிக். கேப்டன் அன்று முதன்முறையாகச் சிரித்தார்.

பிறகு ரீல் பார்த்தார்கள். மீனின் ஓட்டத்தைத் தடுக்கும் பிரேக்குக்குள் உப்புத்தண்ணீர் போகாதபடி மூடியதாக ஒன்றை எடுத்துக்கொண்டாள். கொடுவாவின் செவுள் மூடி சவரக் கத்திபோல இருக்கும் என்பதால் ஃப்ளை கட்டும் நுனிக்குத் தடித்த நூலைக் காட்டினார் கேப்டன். அவள் இரண்டு ரகங்களை விரலில் சுற்றி இழுத்துப் பார்த்தாள். வேண்டுமென்றால் கையால் பிடித்து அறுக்கக்கூடியதாக, மெல்லியதைத் தேர்ந்தெடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை நீர் வற்றும் நேரத்தில் முகத்துவாரத்துக்குப் போனார்கள். பாறை பக்கம் போகாமல் மணலில் நின்று வீசினாள். முதல் மீன் சிறியது. முள்ளை எடுத்துத் தண்ணீரில் விட்டாள். அடுத்து ஒன்று கடித்தது, ஆனால் முள் பிடிக்கவில்லை. மூன்றாவது கடித்தவுடன் ரீல் சீறியது. கயிறு முழுவதும் ஓடி, ரீலின் அடியில் சுற்றியிருந்த உபரி நூலும் பாதி போனது. ஒரு முறை மீன் நீருக்கு மேலே வந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். அவள் கோலைத் தாழ்த்தி, மீனை நோக்கி நேராக நீட்டி, ரீலை இடது உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். நுனி நூல் அறுந்தது. கயிற்றைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். அன்றிரவு தோளில் ஐஸ் பை வைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை சலூன் வழக்கம்போல ஒன்பது மணிக்குத் திறந்தது.