நீலத்துக்குக் கீழே மஞ்சள்

தேய்க்கும் மெஷின் கார்க் கதவைத் தொட இன்னும் இரண்டு அங்குலம்தான் இருந்தது. கிறிஸ்ரினா சட்டென்று விசையிலிருந்து விரலை எடுத்தாள். உறுமல் அடங்கியது.

"என்னக்கா, கறண்ட் நிண்டிட்டுதோ?" ஜெறோம் பதறினான்.

"பொறு. ஒரு மணம் வருது."

குனிந்து கதவில் மூக்கை வைத்தாள். குருநகர்க் கடற்கரை வீதியில் பதினாறு வருடங்களாக வாகனங்களுக்குப் பெயின்ற் அடிப்பவள். தின்னரும் பள்ளம் நிரப்பும் புட்டியும் அவளுக்குத் தலையணை மாதிரிப் பழக்கம். இது அந்த மணமில்லை. கடற்கரை மணம்.

"மணத்தை நாளைக்குப் பாருங்கோ. காரை வாங்கக் கொழும்பிலையிருந்து அந்த டொக்டரம்மா நாளைக்குப் பின்னேரம் வந்து நிப்பா. இண்டைக்குச் சிவப்படிச்சால்தான் காயும்!"

அவன் அவசரத்தில் நியாயம் இருந்தது. கார்த்திகைப் புயல் அவனுடைய மாமனார் சந்தியோகுவின் படகைக் கற்களில் அடித்து இரண்டாகப் பிளந்துவிட்டது. நாலு மாதமாக மாமனும் மருமகனும் யார் யாருடையதோ படகில் கூலிக்குப் போகிறார்கள். புதுப் படகும் எஞ்சினும் இருபது லட்சம். கையில் இருப்பதோ இந்த ஒரு கார். டவுன் தரகர் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார்: உள்ளபடி விற்றால் பன்னிரண்டு, பளபளவென்று சிவப்படித்தால் இருபது.

கார் சாதாரணக் கார் இல்லை. எழுபத்தோராம் ஆண்டு எம்.ஜி. மிட்ஜெற். இரண்டே இருக்கை, நிலத்தோடு படுத்த உடம்பு, பாயப் பதுங்கிய பூனை போன்ற முதுகு. பழைய ஸ்ரீ இலக்கத் தகடு. ஆனால் அந்த அழகின் மேல் யாரோ படகு நீலத்தைத் தூரிகையால் அப்பியிருந்தார்கள். தூரிகை மயிர்கூட அங்கங்கே ஒட்டிக் காய்ந்திருந்தது.

"உதை அப்பின கை ஆற்றை?"

"என்ரைதான்." பட்டறை வாசலில் சந்தியோகு நின்றார். அறுபத்தெட்டு வயது, இன்னமும் வலை இழுக்கும் தோள். "எண்பத்தைஞ்சிலை, சண்டை நேரம், ஒரு டொக்டர் குடும்பத்தைக் கடல் தாண்டி அக்கரையிலை கொண்டுபோய் விட்டனான். காசு வேண்டமாட்டன் எண்டன். மனிசன் காரை என்ரை பேருக்கு மாத்திப்போட்டுத்தான் வள்ளத்திலை ஏறினது. பிறகு காலம் கெட்டுப்போச்சு. நல்ல வாகனம் கண்டால் ஆர் எடுத்துக்கொண்டு போவான் எண்டு தெரியாது. அதுதான் ஒருத்தனும் திரும்பிப் பாக்காத மாதிரி வடிவைக் கெடுத்துவிட்டனான்."

"நல்லாத்தான் கெடுத்திருக்கிறியள் அண்ணை. பெயின்றுக்கு முதல் என்ன பூசினனீங்கள்?"

அவர் அவளை விநோதமாகப் பார்த்தார். "என்ன பூசிறது? வள்ளத்துக்குப் பூசிறதைத்தான். சுறா எண்ணெய். ரெண்டு கை."

கிறிஸ்ரினாவின் கையிலிருந்த மெஷின் மெல்ல மேசைக்குப் போனது.

"அண்ணை, மரம் எண்ணெயைக் குடிக்கும். இரும்பு குடிக்குமோ?"

"அது... எனக்கெங்கை தெரியும்? உப்புக்காத்து எல்லாத்துக்கும் ஒண்டுதானே?"

அவள் காலாவதியான ஏ.ரி.எம். அட்டை ஒன்றை எடுத்தாள். கேத்திலிலிருந்து இளஞ்சூட்டு நீரைக் கதவின் ஓரத்தில் ஊற்றினாள். அட்டையின் விளிம்பை நீலத்துக்குக் கீழே நுழைத்துத் தள்ளினாள்.

நீலம் அப்பளம் போல எழும்பியது. உள்ளங்கை அகலத்துக்குக் கழன்று நிலத்தில் விழுந்தது.

உள்ளே மஞ்சள்!

பழுத்த கறுத்தக் கொழும்பான் மாம்பழத்தை வெட்டினால் தெரியுமே, அந்த மஞ்சள். நீலத்தை ஒட்டவிடாத பிசுபிசுத்த எண்ணெயைத் துணியால் துடைத்தாள். கம்பெனி அடித்து அனுப்பிய பெயின்ற், ஐம்பது வருடம் கழித்து, முகம் கழுவிக்கொண்டு எழும்பியது. மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

ஜெறோம்தான் முதலில் நிமிர்ந்தான். "வடிவுதான். ஆனால் இஞ்சை ஒரு கீறல், அங்கை மங்கல். உதைப் பாத்து ஆரக்கா காசு தருவினம்? சிவப்படியுங்கோ."

"அடிச்சால் இந்த மஞ்சள் திரும்பி வராது, ஜெறோம். பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிற ஆக்கள் பெயின்றை வாங்கிறேல்லை, வயசைத்தான் வாங்கிறவை."

"தரகர் அப்பிடிச் சொல்லேல்லையே!"

"தரகர் வான் விக்கிறவர். உரிக்கத் தொடங்கினால் அடிக்க நேரமில்லை, அதையும் சொல்லிப்போட்டன். அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ. உங்கடை படகு."

சந்தியோகு அந்த உள்ளங்கை மஞ்சளைத் தடவினார். "டொக்டர் தந்தது இதுதான். உரி, பிள்ளை."

உரித்தார்கள். கிறிஸ்ரினா கதவுகளை, ஜெறோம் முணுமுணுத்தபடி மட்கார்டுகளை, சந்தியோகு முன் மூடியை. பொழுதுபட நிறுத்தி, விடிய மறுபடி தொடங்கினார்கள். காலை பத்து மணிக்கு டிக்கி மூடி மட்டும்தான் பாக்கி.

அங்கேதான் வில்லங்கம். நீலம் அசைய மறுத்தது. அட்டை முறிந்தது.

"ஓ..." சந்தியோகு தலையைச் சொறிந்தார். "எண்ணெய் முடிஞ்சுபோச்சு. அதுக்கு மட்டும் மண்தாளாலை சொரசொரவெண்டு தேச்சுப்போட்டு அடிச்சனான்."

ஒழுங்கான முறையில் அடித்த ஒரே இடம். அங்கே மட்டும் மஞ்சள் செத்துவிட்டது.

ஜெறோம் கிறிஸ்ரினாவின் காதருகே வந்தான். "அக்கா, உங்கடை கைக்கு உந்த மஞ்சளைக் கலக்கிறது பெரிய வேலையோ? மூடிக்கு மட்டும் அடியுங்கோ. அந்த மனிசிக்கு எங்கை தெரியப்போகுது?"

அவளால் முடியும். எந்தக் கண்ணும் பிடிக்காத அளவுக்கு முடியும். ஒரு கணம் அவள் பார்வை பெயின்ற் ரின்களுக்குப் போய்த் திரும்பியது.

சந்தியோகுவின் தொலைபேசி அலறியது.

"ஐயா, டொக்டர் உதயகலா கதைக்கிறன். விடிய வெள்ளண வெளிக்கிட்டிட்டன். ஆனையிறவு தாண்டியாச்சு."

ஒரு மணித்தியாலம்! ஜெறோம் தலையில் கை வைத்தான்.

"விடடா," என்றார் சந்தியோகு. "நான் செய்த கூத்து. நானே சொல்லுறன்."

உதயகலா கொழும்பு வெள்ளவத்தையில் பல் வைத்தியர். நரைத்த குட்டை முடி, சப்பாத்து. வணக்கம் சொன்ன கையோடு காரை மூன்று தரம் சுற்றினார். கைப்பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை எடுத்து, பல்லைத் தட்டிப் பார்ப்பதுபோலக் கதவில் வைத்தார். அது பெயின்றின் தடிப்பை அளக்கும் கருவி.

"நூறு மைக்ரோன்." மட்கார்ட்டில் வைத்தார். "நூற்றைஞ்சு." முன் மூடி. "நூறு." நிமிர்ந்தார். "அடிச்ச பெயின்றெண்டால் இருநூற்றைம்பது, முந்நூறு காட்டும். இது தொழிற்சாலையாலை வந்த உடுப்பு. எப்பிடி ஐயா?"

சந்தியோகு சொன்னார். சுறா எண்ணெயையும் சொன்னார். கடைசியில் டிக்கிப் பக்கம் கூட்டிப்போய், "இதிலை எண்ணெய் இல்லை, அம்மா. மஞ்சளைத் தேச்சுப்போட்டன். பிழை என்னிலை," என்றார்.

ஜெறோம் கண்ணை மூடிக்கொண்டான்.

சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் திறந்தான். உதயகலா டிக்கி மூடியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "சுறா எண்ணெய்! கடவுளே!" கண்ணைத் துடைத்தார். "ஐயா, புதுப் பெயின்றடிச்ச பழைய காரைப் பாத்தால் எனக்கு முதல் வாற கேள்வி, எந்தத் துருவை மறைச்சிருக்கினம் எண்டுதான். அந்தச் சந்தேகத்துக்கே விலையைக் குறைப்பன். போன மாதம் இதே மிட்ஜெற், பளபளவெண்டு சிவப்பு. பத்து லட்சத்துக்கு மேலை ஒரு சதமும் தரமாட்டன் எண்டு வந்திட்டன்."

ஜெறோம் மூலையிலிருந்த சிவப்பு ரின்களைக் காலால் மெல்ல மறைத்தான்.

"உரிச்சது ஆர்?"

"நான்," என்றாள் கிறிஸ்ரினா.

"ஒரு கீறல் போடேல்லை. எத்தினை டொக்டர்மார் இப்பிடி உரிப்பினம்?" அவர் சந்தியோகுவிடம் திரும்பினார். "இருபத்தாறு லட்சம். ஆனால் ஒரு நிபந்தனை."

"சொல்லுங்கோ."

"இந்த நீல மூடியிலை ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. கேக்கிற ஆக்களுக்கு நான் கதை சொல்லவேணும்."

சந்தியோகு உடனே தலையை ஆட்டினார்.

பின்னேரம் அந்த மஞ்சள் பூனை, நீல வாலோடு, லொறியில் ஏறிப் போனது. வீதியில் சைக்கிளில் போனவர்கள் எல்லாம் கால் ஊன்றிப் பார்த்தார்கள். கிறிஸ்ரினாவும் பார்த்தாள், வளைவில் மறையும்வரை.

திரும்பினால், ஜெறோம் சிவப்பு ரின்களை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தான்.

"உது எங்கை போகுது?"

"வாங்கினது வீணாக்கக் கூடாதெல்லோ, அக்கா. புதுப் படகுக்கு அடிப்பம்."

"கார்ப் பெயின்றைப் படகுக்கோ? உங்கடை குடும்பம் திருந்தாது!"

சந்தியோகு பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அப்ப, பிள்ளை," என்றார், "அடிக்கமுதல் எண்ணெய் பூசவேணுமோ, வேண்டாமோ?"