முட்டி மடங்கக் கூடாது

விளையாட்டு என்றாலே எனக்கு ஆகாது. இதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். சார் பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருபத்தாறு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன். சர்வே எண்ணில் ஒரு எழுத்து மாறினால் ஒரு குடும்பமே கோர்ட்டுக்கு அலையும். அப்படிப்பட்ட வேலை. பக்கத்து டீக்கடை டிவியில் கிரிக்கெட் பார்த்துவிட்டு "நாம ஜெயிச்சுட்டோம்" என்று குதிக்கிறவர்களைக் கண்டால் குமட்டும். உட்கார்ந்த இடத்தில் பஜ்ஜி தின்றவன் என்னத்தை ஜெயித்தான்? சரி, மைதானத்தில் ஆடுகிறவன் மட்டும் என்ன பெரிதாகக் கண்டான்? இந்தப் பக்கம் வந்த பந்தை அந்தப் பக்கம் அனுப்புகிறான். மாடு மேய்க்கிறவனும் மாட்டை அப்படித்தான் விரட்டுகிறான். அவனுக்குப் பாலாவது கிடைக்கும்.

என் பக்கத்து மேஜையில் எழுதுகிற பரசுராமன் இளம் வயதில் வாலிபால் ஆடியவன். இப்போது இரண்டு முட்டியும் போய், படி ஏற என் தோளைப் பிடிப்பான். "இதுக்குத்தான் அந்தக் குதி குதிச்சியா?" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்பேன். சிரிப்பான். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்காது.

இப்படிப்பட்ட எனக்கு வாய்த்த மனைவி, நாற்பத்தேழு வயதில் வீராங்கனை ஆனாள்.

பாஞ்சாலை எங்கள் ஊரான அடி அண்ணாமலையிலேயே அங்கன்வாடியில் வேலை செய்கிறாள். சர்க்கரை வந்ததும் டாக்டர் நடக்கச் சொன்னார். வீட்டு வாசலிலேயே கிரிவலப் பாதை இருக்க, வேறெங்கே போவது? விடியற்காலையில் கிளம்பிப் போய் ஏழு மணிக்குத் திரும்புவாள். அங்கேதான் எழிலரசி என்கிற பி.டி. டீச்சர் அவளைப் பிடித்திருக்கிறாள். "அக்கா, உங்க நடையில நல்ல வேகம் இருக்குதுக்கா" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான், விழுந்துவிட்டாள்.

எனக்கு இது எதுவும் தெரியாது. ஒரு நாள் பால் வாங்கப் போனபோது தூரத்தில் இரண்டு பெண்கள் வருவதைப் பார்த்தேன். ஓட்டமும் இல்லை, நடையும் இல்லை. இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெட்ட, முழங்கைகள் றெக்கை மாதிரி அடிக்க, சுரிதார் டாப்புக்குக் கீழே பேண்ட்டும் ஷூவுமாக ஒருத்தி. அது என் மனைவி. காரில் வந்த வெளியூர்க்காரர்கள் கண்ணாடியை இறக்கிவிட்டு செல்போனில் படம் பிடித்தார்கள். ஒரு சாமியார் தட்டை எடுத்துக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார். நான் பால்காரரின் வண்டிக்குப் பின்னால் குனிந்து நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "இன்னாடி அது, வாத்து மாதிரி?"

"வேகநடைங்க. போட்டில்லாம் கீது. ஒரு காலு தரையில இருந்துனே இருக்கணும். முன்னால வெக்கற காலு முட்டி மடங்கக் கூடாது. மடங்குனா சிவப்பு அட்டை."

"நடக்கறதுக்குப் போட்டியா! ஊரு உலகமே வந்து இங்க பதினாலு கிலோமீட்டர் நடக்குது. அவங்களுக்குப் புண்ணியமாவது ஜாஸ்தியாவும். உனக்கு இன்னா கெடைக்கும்?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றினாள்.

மூன்று மாதம் கழித்து விழுப்புரத்தில் மூத்தோர் தடகளப் போட்டி என்றாள். நான் போவதாக இல்லை. வேலூரில் படிக்கிற என் மகள் இனியா போன் செய்து, "அம்மாவத் தனியா அனுப்பாதப்பா" என்றதால் போனேன்.

அந்த மைதானத்தைப் போல ஒரு கேலிக்கூத்தை நான் பார்த்ததில்லை. எழுபது வயதுக் கிழவர்கள் அரைக்கால் டவுசரோடு ஈட்டி எறிந்தார்கள். ஈட்டி அவர்கள் காலடியிலேயே விழுந்தது. அது விழுந்த இடத்தை இரண்டு பேர் டேப் வைத்து அளந்து, ஒருவர் எழுதிக்கொண்டார். நாற்காலியிலிருந்து எழவே இரண்டு பேர் கை கொடுக்கவேண்டியிருந்த ஒரு பிரமுகர், மனித வாழ்வில் விளையாட்டின் மகத்துவம் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். அவ்வளவு நேரமும் போட்டியாளர்கள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். எவனாவது ஒருவன் "போதும் உட்காருய்யா" என்று சொல்வான் என்று பார்த்தேன். கை தட்டினார்கள்.

பாஞ்சாலைக்கு ஐந்தாயிரம் மீட்டர், பன்னிரண்டரைச் சுற்று. ஒன்பதாவது சுற்றில் ஒரு நடுவர் குறுக்கே வந்து சிவப்பு அட்டையை நீட்டினார். மூன்று நடுவர்கள் அவள் முட்டி மடங்குவதாக எழுதிவிட்டார்களாம். அவள் உடனே நின்று, பாதையை விட்டு இறங்கி, புல்லில் உட்கார்ந்தாள்.

பஸ்ஸில் அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழுதால் சொல்வதற்கு எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தேன். அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். செஞ்சி தாண்டியதும் நானே ஆரம்பித்தேன்.

"மூணு மாசம் நடந்து இன்னா கண்ட? ஒரு அட்டை. அதுவும் சிவப்பு அட்டை."

"ஆமாங்க" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "இருபது வருஷமா அங்கன்வாடியில வேலை செய்யறேன். ஆபீசருங்க வருவாங்க, நோட்டுல கையெழுத்துப் போடுவாங்க, போய்டுவாங்க. வீட்டுல நான் ஆக்கறத நீங்க பேப்பர் படிச்சினே சாப்பிடுவீங்க. நல்லா கீதுன்னு சொன்னதில்ல, நல்லா இல்லன்னும் சொன்னதில்ல. இன்னிக்கு மூணு பேரு குனிஞ்சு குனிஞ்சு என் காலயே பாத்தாங்க. எந்தக் காலு, எந்த எடத்துல மடங்குதுன்னு எழுதி வெச்சிருக்காங்க. தப்புன்னு சொன்னாலும் பரவால்ல. பாத்தாங்க இல்ல?"

சர்க்கரை மாத்திரை போட்டாயா என்று கேட்டேன்.

மறுநாள் விடியற்காலையில் அவள் ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். விட்டுவிடுவாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். என்னைப் பார்த்து, "நீங்களும் வாங்க. ரோட்டோரமா குந்திகினு என் முட்டியப் பாருங்க. எழிலரசி என் கூடவே நடக்கறதால அதுக்குத் தெரிய மாட்டேங்குது" என்றாள். பத்திரத்தில் ஒரு கமா தப்பினாலும் கண்டுபிடிக்கிறவன், முட்டியைக் கண்டுபிடிக்க மாட்டேனா? போனேன். அவளைத் திருத்துவதற்காக அல்ல. இது தேறாது என்று கண்ணால் பார்த்துச் சொல்வதற்காக.

நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் கடந்துபோனாள். "மடங்குது!" என்று கத்தினேன்.

"எந்தக் காலு?"

தெரியவில்லை. திரும்பி வரச் சொன்னேன். இரண்டாம் தடவையும் தெரியவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. நாலாவது தடவையில்தான் பிடித்தேன். இடது கால். மறுநாள் இன்னும் கொஞ்சம் பிடிபட்டது: ஆரம்பத்தில் மடங்குவதில்லை, மூன்றாவது கிலோமீட்டருக்கு அப்புறம்தான் மடங்குகிறது. ஏன் என்று நாலு நாள் மண்டையைக் குடைந்து, ஒரு சாயங்காலம் அவள் காலைக் காட்டச் சொன்னேன். இடது குதிகாலில் ஒரு வெடிப்பு, விரல் நுனி போகிற ஆழம். வலிக்குப் பயந்து அந்தக் குதிகாலை ஊன்றாமல் நடந்திருக்கிறாள்.

"எத்தினி நாளா இது?"

"ரெண்டு வருஷமா கீது."

ஒரே வீட்டில் இருக்கிறோம். ஊரான் நிலத்தின் நான்கு எல்லையையும் மனப்பாடமாகச் சொல்கிறவன் நான். டீக்கடையில் குதிக்கிறவர்களைப் பார்த்து வந்த அதே குமட்டல் அன்றைக்கு என்னைப் பார்த்தே வந்தது. மருந்துக் கடைக்குப் போய்க் களிம்பு வாங்கி வந்து கொடுத்தேன். அவள் ஆச்சரியப்பட்டதும் எனக்குப் பிடிக்கவில்லை.

வெடிப்பு ஆறியது. தினமும் ஒன்றரை மணி நேரம் நடைபாதையில் குந்தினேன். தெரிந்தவர்கள் யாராவது "இன்னாண்ணா, இங்க குந்தினு கீறீங்க?" என்று கேட்டால், பஸ்ஸுக்கு என்று சொல்லி வைத்தேன்.

அடுத்த போட்டி வேலூரில். இனியாவுக்கு அன்றைக்குப் பரீட்சை, வரமுடியவில்லை. இந்தத் தடவை பேசிய பிரமுகர் இன்னும் மோசம். ஆனால் என் கண் அவர் மேல் இல்லை. பாஞ்சாலை பன்னிரண்டரைச் சுற்றையும் முடித்தாள். ஒரு சிவப்பு அட்டைகூட இல்லை. நாலாவது இடம். மூன்று பேருக்குத்தான் பதக்கம். அவளுக்கு முன்னால் மூன்றாவதாக வந்த பெண்ணுக்குக் கடைசி இரண்டு சுற்றும் வலது முட்டி மடங்கியது. நான் பார்த்தேன். கயிறு கட்டிய இடத்திலிருந்து கத்தினேன். "மடங்குது! வலது காலு! பாருங்க சார்!" நடுவர் திரும்பவே இல்லை. கயிற்றைத் தாண்டிப் போய் அவருடைய கையைப் பிடித்து விதியைச் சொன்னேன். இரண்டு பேர் வந்து என் தோளைப் பிடித்து, கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். நான் கம்பி வழியாகத் தலையை நீட்டி இன்னொரு தடவை கத்தினேன். உள்ளே சிலர் சிரித்தார்கள்.

அரை மணி நேரம் கழித்துப் பாஞ்சாலை பையோடு வெளியே வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"மானத்த வாங்கிட்டீங்க. வயசுக்கு இதெல்லாம் நல்லாவா கீது?"

"அவளுக்கு மடங்கிச்சி. சத்தியமா மடங்கிச்சி."

"நடுவரு பாக்கல. முடிஞ்சிபோச்சி. நாலாவது வந்தவ நானு. எனக்கே ஒண்ணும் இல்ல, உங்களுக்கு இன்னா?"

பஸ்ஸில் ஏறியதும் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, போட்டி நோட்டீஸின் பின்பக்கத்தில் மனு எழுத ஆரம்பித்தேன். தேதி, இடம், சுற்று எண், எந்தக் கால் என்பது வரை எழுதினேன். பஸ் குலுங்கியது, எழுத்து கோணியது, அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். அவளை எழுப்பிவிடாமல் ஒரு கையாலேயே எழுத வேண்டியிருந்தது. போளூர் வந்தபோது இரண்டாவது பத்தியில் இருந்தேன்.