கொக்குத்திட்டுக்குப் போகும் வழி

ஊரெல்லாம் அவளை ‘ஊர்சுற்றி’ என்றுதான் கூப்பிட்டது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை கூட. ஆனால் ஒரு பெண்பிள்ளை தனியாகக் காடுமேடெல்லாம் அலைந்து பறவைகளைப் பற்றிப் புத்தகம் எழுதினால் சும்மா விடுவார்களா? வீட்டில் உட்கார்ந்துகொண்டு கதை அளக்கிறாள் என்றார்கள். அந்த ரோஷத்தில், போன இடத்துக்கெல்லாம் வழியையும் சேர்த்தே எழுதினாள். எந்த ஓடையில் இறங்க வேண்டும், எந்தப் பாறையில் திரும்ப வேண்டும், சதுப்புக்கு நடுவே கொக்குகள் கூடு கட்டும் கொக்குத்திட்டுக்கு எப்படிப் போக வேண்டும், எல்லாம். சந்தேகமா, நீயே போய்ப் பார்த்துக்கொள்!

இரண்டாவது புத்தகம் அச்சகத்தில் இருந்த சமயம், தங்கை அவளைத் தொப்பிக்கடைக்கு இழுத்துப் போனாள். மேஜை முழுக்கத் தொப்பியில் செருகுகிற வெள்ளை இறகுகள். குஞ்சு பொரிக்கும் காலத்தில் மட்டும் கொக்கின் முதுகில் முளைக்கிற மெல்லிய இறகுகள். கொல்லாமல் அவற்றை எடுக்க முடியாது. அவள் ஒன்றைக் கையில் எடுத்தாள்.

“இதெல்லாம் எங்கேருந்து வந்தது?”

கடைக்காரர் அவளை அடையாளம் கண்டு எழுந்தேவிட்டார். “அட, நீங்களா! எல்லாம் உங்க புண்ணியம்மா. அந்தக் கொக்குத்திட்டைத் தேடி எங்க ஆளுங்க வருஷக்கணக்கா சதுப்புல அலைஞ்சாங்க. இப்ப உங்க புத்தகத்தைக் கையில வச்சிக்கிட்டு நேரா போயிட்டாங்க. ஒரு கொக்குகூட மிச்சமில்ல!”

“குஞ்சுங்க?”

“அதுங்களுக்கு ஏதும்மா இறகு? விட்டுட்டு வந்துட்டாங்க.”

அடப்பாவிகளா! இரை ஊட்ட ஆளில்லாமல் அத்தனை குஞ்சும் கத்திக் கத்தியே செத்திருக்கும். அப்போதுதான் இரண்டாவது புத்தகம் நினைவுக்கு வந்தது. அதில் இன்னொரு திட்டு இருக்கிறது, இதைவிடப் பெரியது. தங்கையை அங்கேயே விட்டுவிட்டு, செருப்பு அறுந்ததைக்கூடப் பார்க்காமல் அச்சகத்துக்கு ஓடினாள்.

“அந்தக் கொக்கு அத்தியாயத்தை எடுத்துடுங்க! வழியையாவது நீக்கிடுங்க!”

“ஏன்க்கா இப்படிப் பதறுறீங்க?” என்றார் அச்சகக்காரர். “புத்தகம் இன்னும் தைக்கவே இல்ல. தாராளமா எடுத்துடலாம்.”

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“ஆனா அது ரொம்ப நல்லா இருந்துச்சா, அந்த வழிப்பக்கத்தை மட்டும் தனியா அடிச்சு, விளம்பரமா ஊர் முழுக்கக் கொடுத்துட்டேன். இறகு வியாபாரிங்க தேடி வந்து வாங்கிட்டுப் போனாங்கன்னா பாருங்களேன்.”

“எப்போ?”

“போன வாரம். இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பாங்க,” என்றார் பூரிப்போடு. “நீங்க எழுதின வழியாச்சே, தப்புமா?”