எச் போடும் வண்டிக்கு ஆயில்

சுடலைமாடத்திக்கு அந்தக் காரைப் பற்றிய சந்தேகம் மூக்கு வழியாகத்தான் வந்தது. ஒரு திங்கட்கிழமை காலை பானட்டைத் தூக்கி, ஆயில் அளவு பார்க்கிற குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தாள். ஆயில் குறையவில்லை. குறையாதது பரவாயில்லை, போன மாதத்தைவிடக் கொஞ்சம் ஏறியல்லவா நின்றது. ஊற்றாமல் ஆயில் ஏறுகிற அதிசயம் எந்த ஊரில் உண்டு என்று குச்சியை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது.

கரமனையில் தாணு டிரைவிங் ஸ்கூலில் அவள் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து எட்டு வருடம் ஆகிறது. அதற்கு முன் சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை சேலை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். உட்காரக் கூடாது என்பது அந்தக் கடையின் சட்டம். ஆள் இல்லாத மத்தியானத்தில்கூட நின்றபடிதான் கொட்டாவி விட வேண்டும். அங்கிருந்து தப்பித்து, லைசென்ஸ் எடுத்து, நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கிற இடத்துக்கு வந்தது யாருடைய தயவிலும் இல்லை. அந்த வேலையை அவள் உயிரைப் போல வைத்திருந்தாள்.

முதலாளி தாணு நாஞ்சில் நாட்டுக்காரர். முப்பது வருடம் ஆடிட்டர் ஆபீஸில் இருந்துவிட்டு வந்தவர். அச்சில் வந்ததை அப்படியே நம்புவார். அதுவும் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் வந்திருந்தால் கேட்கவே வேண்டாம். அந்த வருடம் ஒரே நாளில் ஒரே மாதிரி இரண்டு புதுக் கார் வாங்கினார். ஒன்று மாடத்திக்கு, இன்னொன்று ஸ்ரீஜித்துக்கு. ஸ்ரீஜித் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தவன். அதை ஊரார் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்வான்.

பெட்ரோல் வாடையை அவள் அவனிடம்தான் முதலில் சொன்னாள். அவன் தன் காரின் குச்சியையும் உருவிக் காட்டி, இங்கேயும்தான் ஏறியிருக்கிறது, ஆயில் குடிக்காத எஞ்சின் என்றால் இப்படித்தான் இருக்கும், சந்தோஷப்பட வேண்டிய விஷயம் என்றான். இது அம்பாசடர் காலம் இல்லை, புது எஞ்சினுக்கு சிந்தெட்டிக் ஆயில், பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் தாங்கும், அதுவரை அதைத் தொடவே வேண்டாம் என்று ஒரு வகுப்பே எடுத்துவிட்டான்.

“பத்தாயிரம் ஆகட்டே சேச்சி. ஒந்நும் பற்றில்ல.”

ஒன்றும் ஆகாது என்று அவன் சொன்னாலும் அவளுக்கு மனசு ஒப்பவில்லை. கேரளத்தில் கார் லைசென்ஸ் வேண்டுமென்றால் எச் போட வேண்டும். இங்கிலீஷ் எச் எழுத்து மாதிரி கம்பு நட்டு வைத்திருப்பார்கள். ஒரு கம்பிலும் இடிக்காமல் முன்னும் பின்னும் ஓட்டிக் காட்ட வேண்டும். முட்டத்தறைப் பக்கம் ஒரு மைதானத்தில் நாள் முழுக்க இதுதான் பயிற்சி. ஃபர்ஸ்ட் கியர், ரிவர்ஸ், மறுபடி ஃபர்ஸ்ட் கியர். ஒருவர் இறங்கி இன்னொருவர் ஏறி, சீட்டை முன்னால் தள்ளி, கண்ணாடியைத் திருப்பி, சாமியையும் கும்பிட்டு முடிக்கிறவரை எஞ்சின் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஏசியை மட்டும் யாரும் அணைக்க விடமாட்டார்கள்.

ஏழு மணி நேரம் இப்படி ஓடிய பிறகு மீட்டரைப் பார்த்தால் நாற்பது கிலோமீட்டர் ஏறியிருக்கும். அதே காரை நாகர்கோவில் ரோட்டில் விட்டால் அந்த நாற்பதை ஒன்றேகால் மணி நேரத்தில் முடித்துவிடும். அப்படியென்றால் இந்த எஞ்சின் ஏழு மணி நேரம் மாடாக உழைக்கிறது, மீட்டர் அதில் ஒன்றேகால் மணி நேரத்தைத்தான் கணக்கில் எடுக்கிறது. இது புத்தியில் உறைத்ததும் மாடத்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜவுளிக்கடையில் அவள் ஒரு நாளைக்கு நடந்த தூரத்தை அளந்தால் அரைக் கிலோமீட்டர்கூடத் தேறாது. ஆனால் வீட்டுக்குப் போகும்போது கால் இரண்டும் வீங்கியிருக்கும்.

அன்றைக்கே காரோடு வந்த புத்தகத்தை எடுத்தாள். அது முழுக்க இங்கிலீஷ். ஒவ்வொரு பக்கமாகப் போன் கேமராவைக் காட்டினால் போனே தமிழில் மாற்றிக் கொடுத்தது. அது ஒரு மாதிரித் தமிழ். நின்றபடி ஓடும் எஞ்சினை சோம்பேறி எஞ்சின் என்று திட்டியது. இருந்தாலும் மூன்று நாள் விடாமல் காட்டினாள். கடைசியில், பொதுவாக யாரும் எட்டிப்பார்க்காத ஒரு பக்கத்தில், சின்னக் கட்டத்தில் அகப்பட்டது. வெகு நேரம் நின்றபடி எஞ்சின் ஓடும் வண்டி, எப்போதும் மெதுவாகவே போகும் வண்டி, சூடேறுவதற்குள் நிறுத்திவிடும் வண்டி ஆகியவற்றுக்கு ஐயாயிரம் கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் எரியாத பெட்ரோல் உள்ளே இறங்கி ஆயிலைக் கெடுத்துவிடும் என்றும் போட்டிருந்தது. அந்தக் கட்டத்தைப் பார்த்தபோது அவளுக்கு வந்த சந்தோஷம், லைசென்ஸ் கைக்கு வந்த அன்று வந்ததற்குக் குறைந்ததில்லை.

ஐயாயிரம் நெருங்கியதும் காரை கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோனாள். அங்கே மேனேஜர் ஜெயன், பன்னிரண்டு வருட அனுபவம், கழுத்தில் டேக், முகத்தில் அவசரம். டிரைவிங் ஸ்கூல் வண்டி, ஆயில் மாற்ற வேண்டும் என்று அவள் சொன்னதும் சிரித்தார். பத்தாயிரம் போதும், யாரோ சேச்சியைப் பயமுறுத்தியிருக்கிறார்கள் என்றார். அவள் அசையவில்லை. சரி, ஆசைக்கு மாற்றிக் கொடுங்கள் என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு, கவுண்டரில் இருந்த ரேஷ்மி என்ற பெண்ணிடம், கஸ்டமர் பிடிவாதம் என்று மறக்காமல் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடு என்றார். நாளைக்கு வீண் செலவு என்று யாரும் தன்னிடம் சண்டைக்கு வரக் கூடாதாம். ஸ்ரீஜித்தையும் மாற்றச் சொல்லி மாடத்தி மன்றாடினாள். அவன் ஜெயனுக்கே போன் போட்டுக் கேட்டான். வேண்டாம் என்று பதில் வந்தது, விட்டுவிட்டான்.

பில்லைப் பார்த்த தாணுவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

“பத்தாயிரம்னு புக்குல தெளிவாப் போட்டிருக்கான். ஒனக்கு மட்டும் என்ன ஐயாயிரம்?”

“அதே புக்குலதான் அண்ணாச்சி ஐயாயிரமும் போட்டிருக்கு. பின்னாடிப் பக்கத்தப் பாருங்க.”

அவர் பார்க்கவில்லை. சர்வீஸ்காரன் சொன்னதற்கு மேல் ஒரு பக்கமா என்று கேட்டார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் சாவியை வாங்கிவிடுவேன் என்றும் சொல்லிவைத்தார். மாடத்தி புத்தகத்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பினாள். சாவி போனால் வேலையும் போனது மாதிரிதான்.

நாலரை மாதம் கழித்து, மீட்டர் ஒன்பதாயிரத்து முந்நூறில் இருக்கும்போது, ஸ்ரீஜித்தின் கார் எச்சின் நட்டநடுவில் நின்றுபோனது. முதலில் டக்டக்கென்று சுத்தியல் அடிக்கிற சத்தம், பிறகு ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது, அடுத்த நிமிடம் எஞ்சின் செத்தது. ஓட்டிக்கொண்டிருந்த பேங்க் ஆபீசர் தன்னால்தான் என்று நினைத்து அழாத குறை. இழுவை வண்டி வந்து காரைக் கொண்டுபோயிற்று. மூன்றாம் நாள் தாணுவைக் கூப்பிட்டு ஜெயன் சொன்ன செய்தி அவரை உட்கார வைத்துவிட்டது. ஆயில் கெட்டியாகி, தான் ஓடுகிற வழியையே அடைத்திருக்கிறது, எஞ்சின் போய்விட்டது, வாரண்டி கிடைக்காது. ஏனென்றால் இந்த மாதிரி வண்டிக்கு ஐயாயிரத்தில் ஆயில் மாற்ற வேண்டும் என்று புத்தகத்திலேயே இருக்கிறது, நீங்கள் மாற்றவில்லை.

தாணு கரமனைக்குத் திரும்பிவந்து மாடத்தியைக் கூப்பிட்டார். அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். ஒரு காரை வைத்து இரண்டு பேருக்கு வேலை கொடுக்க முடியாது. ஸ்ரீஜித் குடும்பஸ்தன். மாடத்தியின் காரை அவன் எடுத்துக்கொள்ளட்டும்.

“நீ கொஞ்ச நாள் வீட்டுல இரு. எஞ்சினுக்கு ஒரு வழி பொறந்தா நானே கூப்பிடுதேன், கேட்டியா.”

கூப்பிடுகிறேன் என்று சொன்ன முதலாளிகள் எத்தனை பேர் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். நாற்பத்திரண்டு வயதில் அவளுக்கு மிச்சம் இருந்தது அந்த ஜவுளிக்கடைதான். நினைக்கும்போதே கால் வலித்தது. சரியாகச் செய்தவளுக்கு வீடு, செய்யாதவனுக்குக் கார் என்றால் இது என்ன நியாயம் என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் அழவில்லை. இன்று ஒரு நாள் என்னோடு சர்வீஸ் சென்டருக்கு வாருங்கள், பிறகு நீங்கள் சொல்கிறபடி கேட்கிறேன் என்று தாணுவைக் கிளப்பினாள். ஸ்ரீஜித் அவள் காரை ஓட்டினான். அவள் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

ஜெயன் அந்தப் பக்கத்தைத் திறந்து தயாராக வைத்திருந்தார். விரலால் கட்டத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார். தாணு முதல் தடவையாக அதைப் படித்தார். படித்து முடித்து மாடத்தியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. இந்தப் பக்கம் உங்களுக்கு எப்போதிருந்து தெரியும் என்று ஜெயனைக் கேட்டாள். இதென்ன கேள்வி, பன்னிரண்டு வருடமாக இதே தொழிலில் இருக்கிறேன், தெரியாமல் இருக்குமா என்றார் அவர். அந்தப் பதில் போதும் அவளுக்கு.

திரும்பி ரேஷ்மியிடம், தன் காரின் ஐயாயிரம் கிலோமீட்டர் சர்வீஸில் என்ன எழுதியிருக்கிறது என்று கொஞ்சம் வாசிக்கச் சொன்னாள். ரேஷ்மி கம்ப்யூட்டரைப் பார்த்தாள், மேனேஜரைப் பார்த்தாள். வாசித்தாள். டிரைவிங் ஸ்கூல் வண்டி. ஐயாயிரத்தில் ஆயில் மாற்றக் கஸ்டமர் கேட்கிறார். தேவையில்லை, பத்தாயிரம் போதும் என்று மேனேஜர் சொல்லியும் கஸ்டமர் பிடிவாதம்.

அந்த ஹாலில் காத்திருந்தவர்கள் எல்லாரும் போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள். மாடத்தி அத்தோடு விடவில்லை. வெளியே செத்த காரைத் தள்ளிக்கொண்டுவரச் செய்து, இரண்டு காரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஆயில் ஊற்றுகிற மூடியை இரண்டிலும் திறக்கச் சொன்னாள். ஸ்ரீஜித்தின் கார் மூடியில் தார் மாதிரி கறுப்பாக அப்பியிருந்தது. அவளுடைய கார் மூடிக்குள் உலோகம் பளிச்சென்று தெரிந்தது. ஒரே நாளில் வாங்கிய, ஒரே மைதானத்தில் ஓடிய, கிட்டத்தட்ட ஒரே கிலோமீட்டர் காட்டிய இரண்டு கார். வேடிக்கை பார்க்க வந்த ஒருவர் இரண்டையும் போட்டோ எடுத்தார். ஸ்ரீஜித் அந்தக் கறுப்பை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, வெகு நேரம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுபடி ஹாலுக்குள் வந்ததும் மாடத்தி சத்தம் போடவில்லை.

“சார், நான் கேட்டேன், வேண்டாம்னு சொன்னிய. நான் ஒங்க பேச்சக் கேக்கல, என் எஞ்சின் ஓடுது. இவன் ஒங்க பேச்சக் கேட்டான், இவன் எஞ்சின் போச்சு. இத கம்பெனிக்கு எழுதணும். நீங்க எழுதுதியளா, நான் எழுதட்டா?”

ஜெயனுக்கு ஏசி ஹாலில் வேர்த்தது. அதெல்லாம் கம்பெனி தீர்மானம், என் கையில் இல்லை என்று மலையாளத்தில் ஏதோ ஆரம்பித்தார். அப்போதுதான் தாணு வாயைத் திறந்தார். முப்பது வருட ஆடிட்டர் ஆபீஸ் அவருக்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டது. இப்போது கம்ப்யூட்டரில் வாசித்தீர்களே, அந்தப் பக்கத்தை ஒரு பிரிண்ட் எடுத்து, சீல் வைத்து, தேதி போட்டுக் கொடுங்கள், நாங்கள் காத்திருக்கிறோம் என்று ரேஷ்மியிடம் சொல்லிவிட்டுச் சோபாவில் சம்மணம் போட்டார். அந்தச் சம்மணத்தைப் பார்த்தால் ஓணம் வரைக்கும் எழுந்திருக்க மாட்டார் போலிருந்தது.

பிரிண்ட் வருவதற்கு முன் ஜெயன் போனோடு உள்ளே போனார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் நடப்பதும் நெற்றியைத் துடைப்பதும் தெரிந்தது. முக்கால் மணி நேரம் கழித்து வந்தவர் ஒரு தாளை நீட்டினார். வாரண்டியிலேயே புது எஞ்சின். பத்து நாளில் வண்டி தயார். தாணு அதைக் கடைசி வரி வரைக்கும் படித்தார், தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் படித்தார். அதைப் பார்த்து மாடத்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கிளம்பும்போது ஸ்ரீஜித் கையில் சாவியோடு நின்றான். அவனுடைய முகத்தில் பாலிடெக்னிக் இல்லை.

“அவகிட்டக் குடுடே,” என்றார் தாணு. பிறகு அவளிடம், “ரெண்டு வண்டிக்கும் ஆயில் எப்ப மாத்தணும்னு இனி நீ சொல்லு. நான் கேக்கேன்.”

அவள் அதற்கு நன்றி சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினாள். ஸ்ரீஜித் பின்னால் ஏறினான், தாணு அவள் பக்கத்தில், வழக்கமாக அவள் உட்காருகிற இடது சீட்டில் உட்கார்ந்தார். எட்டு வருடமாக அந்த இடது சீட்டிலிருந்து மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்தவள் அவள். இந்த எஞ்சினுக்கும் ஃபர்ஸ்ட் கியரும் ரிவர்ஸும் விட்டால் வேறு உலகம் தெரியாது. ஈஞ்சக்கலில் கரமனைக்குத் திரும்ப வேண்டிய இடம் வந்தது. அவள் திரும்பவில்லை. பைபாஸில் நேராக விட்டாள்.

மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. கார் திணறாமல், முக்காமல், ஒரு சின்ன அதிர்ச்சிகூட இல்லாமல் வேகம் பிடித்தது. ஐயாயிரத்தில் மாற்றிய ஆயில் உள்ளே நல்ல சூடேறி, எஞ்சின் சுதி பிசகாமல் பாடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் தென்னைகள் பின்னால் ஓடின. மாடத்திக்கு நெஞ்சு கொள்ளாத சந்தோஷம். தன் எஞ்சின், தன் படிப்பு, தன் வார்த்தை என்று மூன்றும் சேர்ந்து ஜெயித்த சந்தோஷம். எண்பதைத் தொட்டபோது கார் சட்டென்று இழுத்துப் பிடித்தது போல் தயங்கியது. குனிந்து பார்த்தாள். கற்றுக்கொடுக்கிறவருக்காக இடது பக்கத்திலும் வைத்திருக்கும் பிரேக்கின் மேல் தாணுவின் செருப்புக் கால் இருந்தது.

“பிரேக்குலேருந்து கால எடுங்க அண்ணாச்சி. வண்டிய நான் ஓட்டுதேன்.”

தாணு காலை எடுத்துவிட்டார்.