நேராப்பாரு படித்த முகம்

அந்தத் தெருவில் அவருக்குப் பெயர் நேராப்பாரு. நாற்பது வருடம் பாஸ்போர்ட் போட்டோ எடுத்தவர். ஸ்டூலில் உட்கார்ந்த ஆள் பெரியவரோ சின்னவரோ, அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் நாலே வாக்கியம். நேராப் பாரு. சிரிக்காத. தலையச் சாய்க்காத. அசையாத. எடுத்த படம் ஒன்றுகூட எந்த ஆபீசிலிருந்தும் திரும்பி வந்ததில்லை என்பதில் மனிதருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

கடையை மூடி இரண்டு வருடம் கழித்து, அவருடைய எழுபதாவது வயதில், மனைவி வீட்டை விட்டுப் போனாள். நாலு தெரு தள்ளி மகள் வீட்டுக்குத்தான். நாலு மாதமாகியும் திரும்பவில்லை.

காரணம் ஒரே வாக்கியம். ஒருநாள் சாயங்காலம் போன் வந்தது. தாய்க்குத் தாயாக அவளை வளர்த்த அக்கா இறந்துவிட்டார். போனை வைத்துவிட்டு அவள் கூடத்து வாசலில் வந்து நின்றாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். முழுசாகத்தான் பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னார்: "தலை சாஞ்சிருக்கு. நேரா நில்லு."

அவள் உள்ளே போனாள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அக்கா இறந்த விஷயம் அவருக்கு மகள் சொல்லித்தான் தெரிந்தது. அலறியடித்துக்கொண்டு சாவு வீட்டுக்கு ஓடினார். அங்கே அவள் அவர் இருந்த பக்கமே திரும்பவில்லை. காரியம் முடிந்ததும் நேராக மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மகள்தான் அந்த வகுப்பைக் கண்டுபிடித்தாள்.

"வயசானவங்களுக்கு மூளைப் பயிற்சிப்பா. எதிர்ல இருக்கறவங்க முகத்தையும் குரலையும் வெச்சு அவங்க மனசுல என்ன ஓடுதுன்னு புரிஞ்சுக்கறதுக்கு."

"முகமா? எனக்கா? தினம் அறுபது முகம் பாத்தவன்மா நான்."

"பாத்து என்ன புண்ணியம்?" என்றாள் மகள்.

நூலகத்தின் மாடியில் எட்டு கம்ப்யூட்டர், எட்டு நரைத்த தலைகள். திரையில் ஒரு முகம் ஒரு நொடி வந்து மறையும். கோபம், பயம், வருத்தம், வெறுப்பு, சந்தோஷம் என்று ஐந்து பட்டன். சரியாக அழுத்தினால் டிங் என்று சத்தம் வரும். முதல் நாள் இருபது முகத்தில் நேராப்பாரு வாங்கியது நாலு டிங். ஆனால் ஏழாவது ஆளுக்கு இடது காதுக்குக் கீழே நிழல் விழுந்ததும், பதினோராவது ஆள் முகவாயைத் தூக்கியிருந்ததும் அவருக்கு அத்துப்படி. அதைப் பயிற்சி தரும் பெண்ணிடம் புகாராகவே சொன்னார்.

"சார், அந்தப் பதினோராவது ஆள் பாஸ்போர்ட்டுக்கு வரல. பாவம், அழப்போறார்," என்றாள் அவள்.

ரோஷம் வந்துவிட்டது. தினம் காலையில் முதல் ஆளாக மாடியேறினார். காதை விட்டுக் கண்ணைப் பார்க்கப் பழகினார். பிறகு குரல் பயிற்சி. "பரவாயில்ல" என்ற ஒரே சொல்லை நாலு விதமாகச் சொல்வார்கள். எது உண்மையான பரவாயில்லை, எது "வாயை மூடு" என்று அர்த்தமாகும் பரவாயில்லை என்று சொல்ல வேண்டும். கல்யாணமான மனுஷனுக்கு இதற்கெல்லாமா வகுப்பு வேண்டும்? இவருக்கு வேண்டியிருந்தது. ஆறாவது வாரம் இருபதுக்குப் பதினேழு டிங். படி இறங்கும்போது விசில் அடித்தார்.

"அடுத்த வாரம் எல்லாரும் ஒரு படம் கொண்டுவாங்க," என்றாள் அந்தப் பெண். "யாரோட முகம் உங்களுக்குக் கட்டாயம் புரியணுமோ அவங்க படம்."

இது என்ன பிரமாதம் என்று ஆல்பங்களை இறக்கினார். கல்யாணமான புதிதில் மனைவி. கைக்குழந்தையோடு மனைவி. கடற்கரையில் மனைவி. எல்லாவற்றிலும் இரண்டு காதும் தெரிந்தது, வாய் மூடியிருந்தது, தலை நேராக இருந்தது. கடலைக்கூட ஸ்டுடியோச் சுவராக்கி அதன்முன் நிற்க வைத்திருந்தார். ஐந்து பட்டனில் ஒன்றுக்கும் உதவாத முகம், ஆல்பம் ஆல்பமாக. அத்தனையும் அவர் எடுத்தவை.

பெட்டியின் அடியில் ஒன்று கிடந்தது. தலை இடதுபக்கம் சாய்ந்து, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு அவள். பின்னால் அவருடைய கையெழுத்தில் "வேண்டாம்" என்றிருந்தது. அதை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்.

"வருத்தம்தானேம்மா?"

"எனக்கு எப்படி சார் தெரியும்? அவங்களத்தான் கேக்கணும். ஆனா ஒண்ணு. கேட்டுட்டு, பதிலையும் நீங்களே சொல்லிடாதீங்க."

சனிக்கிழமை மகள் போன் செய்தாள். "அம்மா நாளைக்கு மிச்ச சாமானையும் எடுக்க வராங்கப்பா. இனிமே இங்கயேதான் இருக்கப்போறாங்களாம்."

ஞாயிற்றுக்கிழமை நேராப்பாரு சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். பயம் இல்லை. பதினேழு டிங் வாங்கியவருக்கு என்ன பயம்? மகள் கீழே காரில் இருந்தாள். மனைவி மட்டும் மேலே வந்தாள். கல்லைப்போல முகம். அவர் ஒரு நொடி உற்றுப் பார்த்தார்.

"நீ இப்போ கோவமா இருக்க. சரியா?" என்று கேட்டுவிட்டு டிங் சத்தத்துக்குக் காத்திருந்தார்.

"கண்டுபிடிச்சிட்டீங்களே, பரவாயில்ல," என்றாள் அவள்.

நாலில் அது எந்தப் பரவாயில்லை என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. வாயை மூடிக்கொண்டார்.

உள்ளே அலமாரி திறந்து மூடும் சத்தம் கேட்டது. அரைமணி நேரத்தில் பெட்டியோடு வெளியே வந்தவள் கூடத்து வாசலில் நின்றாள். அதே இடம். தலை இடதுபக்கம் சாய்ந்தது. கீழுதடு பல்லுக்குள் போனது.

நாற்பது வருடப் பழக்கம் அவர் நுனிநாக்கு வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினார். எழுந்து அவள் பக்கத்தில் போனார்.

"அன்னைக்கு என்ன சொல்ல வந்த?"

"என்னைக்கு?"

"போன வெச்சுட்டு வந்து இங்கதான் நின்ன. நான் கேக்கல. இப்போ கேக்கறேன். சொல்லு."

அவள் அவரையே பார்த்தாள். பெட்டியைக் கீழே வைத்தாள்.

"அக்கா போயிட்டாங்க," என்றாள், இப்போதுதான் போன் வந்ததுபோல. "எனக்கு யாரும் இல்லங்க."

அவள் தலை இன்னும் சாய்ந்து அவள் தோளிலேயே விழுந்தது. அவர் நேராக நில் என்று சொல்லவில்லை. அவள் கண்ணைப் பார்ப்பதற்காகத் தன் தலையையும் அதே பக்கம் சாய்த்துக்கொண்டார். அவருக்கும் அழுகை வந்தது. மறைக்கவில்லை.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து அக்காவைப் பற்றி ஒருமணி நேரம் பேசினாள். நடுவில் மகள் இரண்டு முறை ஹார்ன் அடித்தாள். நேராப்பாரு ஒருமுறைகூடக் குறுக்கே பேசவில்லை. அவர் எழுதியதிலேயே பெரிய பரீட்சை அதுதான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டபோதுதான் மேஜைமேல் கிடந்த படம் அவள் கண்ணில் பட்டது. திருப்பிப் பார்த்தாள்.

"வேண்டாம்னு எழுதினத எதுக்கு வெச்சிருக்கீங்க?"

"வகுப்புக்கு உன் படம் கொண்டுபோகணும்னாங்க. இதுல மட்டும்தான் நீ இருக்க," என்றார். பிறகு, ஜாக்கிரதையாக, "அப்போ உனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"பசி," என்றாள். "காலையிலேருந்து நிக்க வெச்சே கொன்னீங்க."

அவர் வருத்தம் என்றல்லவா அழுத்தியிருப்பார்! இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"வகுப்பு என்னைக்கு?"

"நாளைக்கு. பத்து மணிக்கு."

"நானும் வரேன். படத்த வெச்சு அங்க சொல்லிக்குடுக்கற பொண்ணு என்ன பண்ணும்? மூஞ்சியே வந்து உக்காரட்டும்."

எழுந்து ஜன்னலுக்குப் போய்க் கீழே குரல் கொடுத்தாள். "நீ கெளம்புடி. பெட்டி இங்கயே இருக்கட்டும்."